கோவிவன் – ஒரு நாயின் பெயரைச் சுமந்து நிற்கும் கல்

வீட்டில் வளர்த்த நாய் இறந்துபோனால் மனிதர்கள் அதன் நினைவை ஏதாவது ஒரு வடிவில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். சிலர் தோட்டத்தில் புதைத்து மேலே ஒரு செடி நடுகிறார்கள். சிலர் அதன் கழுத்துப் பட்டையை ஆணியில் மாட்டி வைக்கிறார்கள். மாதிரிப் பொம்மைகள் செய்யும் பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. உண்மையான டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் டாங்கி ஒன்றை ஒட்டி, அதன் பீரங்கி மேடையில் இறந்துபோன நாயின் பெயரைச் சிறிதாக எழுதி வைப்பார்கள்.

பெயர் எழுதுவதோடு வேலை முடிவதில்லை. புத்தம் புதிய டாங்கி பொம்மை போலத்தான் தெரியும். அதற்கு வயதை ஏற்ற வேண்டும். இடுக்குகளில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓட விடுவார்கள். விளிம்புகளில் வண்ணத்தைச் சுரண்டி அடியில் இருக்கும் துருநிறத்தை வெளியே காட்டுவார்கள். சங்கிலிப் பட்டையில் சேறு, மேல்தகட்டில் புழுதி, புகைக்குழாய் அருகே கரி. வெயிலும் மழையும் பல ஆண்டுகள் செய்யும் வேலையைச் சில நாட்களில் தூரிகை செய்துவிடுகிறது. காலம் பட்ட பொருளில்தான் நினைவு ஒட்டும் என்று மனித மனம் எப்படியோ நம்புகிறது!

போர்க்கருவியின் மேல் ஒரு செல்லப் பிராணியின் பெயரா என்று சிலருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் போர் நினைவுச் சின்னத்தில் நாயின் பெயரை எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. அதுவும் ஜவ்வாது மலையின் அடிவாரப் பகுதியில்! அந்தக் கல்லுக்கு யாரும் வயதை ஏற்றவில்லை. வெயிலும் மழையுமே அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

மலையின் இரண்டு பக்கங்கள்

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது அமிர்தி. வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு ஜவ்வாது மலை என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். காடு, அருவி, ஆறு, அதோடு 1967ல் தொடங்கப்பட்ட சிறிய வன உயிரியல் பூங்கா. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து கூண்டுக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கும் விலங்கின் பெயரைப் பலகையில் படித்துவிட்டுப் போவார்கள். மான், முதலை என்று அதன் இனம்தான் பலகையில் இருக்கும். தனிப்பட்ட ஒரு மானுக்குப் பெயர் இருந்தாலும் அது அதற்குத் தீனி போடுபவருக்குத்தான் தெரியும்.

அமிர்தி மலையின் வடக்குப் பக்கம். மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினால் செங்கம் வருகிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இந்தச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய நூல். அவனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, வழியில் பெயர் எழுதி நட்ட கற்கள் இருக்கும் என்றும் அந்தப் புலவர் சொல்கிறார். ஆக, இந்த மலைப்பகுதியில் நடுகல் என்பது சங்க காலத்திலேயே வழிப்போக்கர் கண்ணில் படும் பொருளாக இருந்திருக்கிறது.

1970களின் தொடக்கத்தில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைத் தேடியது. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் நின்ற கற்களைப் படித்து, "செங்கம் நடுகற்கள்" என்ற பெயரில் நூலாகவும் வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பல அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்றுதான் எடுத்தனூர் நடுகல்.

எடுத்தனூர்க் கல் சொல்லும் செய்தி

பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட கல் இது. அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதி. வாண அரசர் குடியைச் சேர்ந்த பொற்றொக்கையார் என்பவரின் இளமகன், அதாவது அவரிடம் இருந்த இளம் வீரன், கருந்தேவக்கத்தி. தன்னுடைய எருமைகளைக் காக்கும் சண்டையில் அவன் இறந்தான். அவனுக்காக நடப்பட்ட கல் என்கிறது கல்வெட்டு. அக்காலத்து நடுகற்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். மன்னன் பெயர், ஆண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், இறந்த காரணம். அவ்வளவுதான்.

ஆனால் எடுத்தனூர்க் கல்லில் இன்னொரு வாசகம் இருக்கிறது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று தனியாக எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது என்றும் அந்த வாசகம் தெரிவிக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நாய்க்குப் பெயர் இருக்கிறது. எருமைகளைத் திருட வந்தவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் வெறும் "கள்ளர்". கல்லை எடுத்தவர்களுக்கு அவர்களின் பெயர் தெரிந்திருக்கவும் கூடும். இருந்தாலும் கல்லில் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை இருக்கிறது. நாய் வீரமாகப் போரிட்டது என்று பொதுவாகச் சொல்லி விடவில்லை. இரண்டு பேரைக் கடித்தது என்கிறது. நேரில் பார்த்தவர்களோ, காயம்பட்டவர்களைப் பிடித்தவர்களோ சொன்ன சாட்சி போல இருக்கிறது இந்த வரி.

மூன்றாவதுதான் முக்கியமானது. நாய் இறந்தது என்று கல் சொல்லவில்லை! நடுகல் என்பது இறந்தவருக்கு எடுப்பது. "பட்டான்" என்ற சொல் வீரனுக்கு வருகிறது. நாய்க்கு வருவது "காத்திருந்த" என்ற சொல். இன்றைய பேச்சில் காத்திருத்தல் என்றால் யாரோ வருவார்கள் என்று எதிர்பார்த்து இருப்பது. கல்வெட்டில் அதற்குக் காவல் இருந்தது என்று பொருள். எதைக் காத்தது? எருமை மந்தையையா, கீழே விழுந்து கிடந்த கருந்தேவக்கத்தியின் உடலையா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், எஜமான் விழுந்த பிறகும் அது ஓடிப்போகவில்லை என்பது மட்டும் தெளிவு. அந்தக் கல் நினைவில் வைத்திருப்பது நாயின் சாவை அல்ல, அது விட்டுப் போகாமல் நின்றதை.

ஏன் எருமைக்காக உயிரைக் கொடுத்தார்கள்?

இன்றைய மாணவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். நெல் வயல் குறைவாக இருந்த மலையடிவார ஊர்களில் மாடும் எருமையும்தான் செல்வம். பால், நெய், எரு, உழவு எல்லாமே அவற்றை நம்பித்தான். எதிரியின் மாடுகளைக் கவர்ந்து வருவதை வெட்சி என்றும், கவர்ந்து போனவற்றை மீட்பதைக் கரந்தை என்றும் தமிழ் இலக்கணம் தனித்தனியாகப் பெயர் வைத்துப் பேசுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் 2006ல் கண்டுபிடித்த தமிழ் பிராமி நடுகல்லிலும் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் "ஆகோள்" என்ற சொல் இருக்கிறது. அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த கல்.

இப்படி இறந்தவனுக்குக் கல் எடுப்பதற்கும் முறை இருந்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேடிப் பார்த்து, நல்ல வேளையில் வேலையைத் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்த வேண்டும். எடுத்தனூரிலும் இப்படி ஊரே கூடி வேலை நடந்திருந்தால், அத்தனை பேர் முன்னிலையிலும்தான் நாயின் பெயர் கல்லில் ஏறியிருக்கும். "நாய்க்கெல்லாம் எதற்கு?" என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

மன்னனின் நாடகத்திலும் ஒரு நாய்

எடுத்தனூர்க் கல்லில் ஆட்சியாண்டு குறிக்கப்பட்ட அதே மகேந்திரவர்மன் தன் பெயர் நிலைக்க என்னென்ன செய்தான் என்பதையும் பார்க்க வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து மண்டகப்பட்டில் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு எழுதி வைத்தான். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள மகேந்திரவாடியில் தன் பெயரிலேயே ஏரியும் குடைவரையும் அமைத்தான். அழியாத பொருளில் பெயரைப் பொறித்தால் பெயரும் அழியாது என்பது அவன் கணக்கு.

அவன் சமஸ்கிருதத்தில் மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவனும் கூட. காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகனின் கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்தத் துறவிமேல் பழி போடுகிறான். பெரிய ரகளை நடக்கிறது. கடைசியில் பாத்திரத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய் என்று தெரிகிறது! மன்னனின் நாடகத்தில் நாய் திருடன். அதே மன்னனின் ஆட்சியில், மலையடிவார ஊர்க்காரர்கள் நட்ட கல்லில் நாய் திருடனைப் பிடித்த காவலன். நாடகத்து நாய்க்குப் பெயர் இல்லை. எருமை மேய்த்த ஊரின் நாய்க்குப் பெயர் இருக்கிறது.

கோழிகளும் காளியும்

கோவிவன் மட்டும்தான் இப்படிச் சிறப்புப் பெற்றது என்று எண்ண வேண்டாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழிக்கு ஒரு கல் இருக்கிறது. இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழிக்கு ஒரு கல் இருக்கிறது. அந்தக் கோழியின் பெயர் பொற்கொற்றி. இரண்டும் மகேந்திரவர்மன் காலத்துக்கும் முற்பட்டவை என்று கருதப்படுகின்றன. சேவல் சண்டையில் ஊர்ச் சேரியின் மானத்தைக் காத்த சேவலுக்கு வீரனுக்கு உரிய மரியாதை கிடைத்திருக்கிறது.

வேலூர் வட்டாரத்தோடு தொடர்புடைய இன்னொரு நாயின் கதையும் உண்டு. அரக்கோணம் அருகே உள்ள தக்கோலத்தில் கி.பி. 949ல் பெரும் போர் நடந்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்ட போர் அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன் "என்ன வேண்டும் கேள்" என்றபோது, மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! ஊரும் பொன்னும் கேட்டிருக்கலாம். நாயைக் கேட்டான்.

பின்னர் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. இரண்டுமே இறந்தன. அதன் நினைவாகக் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரில் கோயில் முன்பு கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி உணவு உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் எழுதும்போது முக்கியச் சான்றாகக் காட்டுவது இந்தக் கல்வெட்டைத்தான். ஒரு நாயின் நினைவுக்கல் இல்லையென்றால், சோழ இளவரசன் இறந்த போரைப் பற்றிய முக்கியமான ஒரு சாட்சி வரலாற்றுக்குக் கிடைத்திருக்காது!

வெயிலும் மழையும் எண்ணெயும்

மாதிரி டாங்கிக்குத் தூரிகை செய்வதை நடுகல்லுக்கு எது செய்கிறது? பகலில் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கும் பாறையின் மேல்தோல் மெல்ல உரிகிறது. மழைநீர் பாறையில் உள்ள சில கனிமங்களைக் களிமண்ணாக மாற்றுகிறது. பாசியும் கற்பாசியும் நுண்ணிய விரிசல்களில் வேர் போல இறங்குகின்றன. ஆழம் குறைவாகக் கொத்திய எழுத்துகள் முதலில் போய்விடும். உருவங்களில் மூக்கும் விரல்களும் முதலில் மழுங்கும்.

மனிதர் கையும் சேர்ந்துகொள்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாக வணங்கப்படுகின்றன. எண்ணெய், மஞ்சள், கற்பூரப் புகை ஆகியவை படிந்து படிந்து எழுத்துகள் அடைபட்டுப் போகின்றன. சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் பூசப்பட்ட கற்களும் உண்டு. ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. சாமியாக வணங்கப்படும் கல்லை யாரும் பெயர்ப்பதில்லை. வணங்கப்படாத கல்தான் துணி துவைக்கவும் வாசற்படிக்கும் போய்விடுகிறது. எழுத்தை மறைக்கும் அதே எண்ணெய்தான் கல்லையும் காப்பாற்றுகிறது!

மங்கிய எழுத்தைப் படிக்க ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பார்கள். கல்லை நன்றாகக் கழுவி, ஈரத் தாளை மேலே ஒட்டி, தூரிகையால் மெல்ல அடித்து எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால் தாள் கறுப்பாகும். பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். பல நூற்றாண்டு வெயிலைத் தாண்டி வந்த கோவிவன் என்ற பெயரைப் படிக்கத் தேவைப்படுவது இந்தக் கொஞ்சம் பள்ளம்தான்.

உலோகம் தோற்ற இடம்

ஜப்பானின் ஹச்சிகோ என்ற நாயைப் பலரும் அறிவார்கள். 1925ல் இறந்துபோன தன் எஜமானருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் 1935ல் தான் சாகும் வரை காத்திருந்த நாய் அது. அது உயிரோடு இருந்தபோதே 1934ல் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்காக அந்தச் சிலையையே உருக்கிவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது 1948ல் மீண்டும் வைத்த சிலை. நாடே கொண்டாடிய நாயின் வெண்கலச் சிலை பதினைந்து ஆண்டுகள்கூட நிற்கவில்லை. உருக்க முடியாத, விற்க முடியாத ஒரு சாதாரணப் பலகைக் கல் 1400 ஆண்டுகளாகக் கோவிவனைச் சுமந்து நிற்கிறது.

இருந்தாலும் கல்லும் நிரந்தரம் அல்ல. சாலை அகலப்படுத்தும்போதும், நிலம் சமன் செய்யும்போதும், எழுத்து இருப்பது தெரியாமல் புரட்டிப் போடப்படும் ஒரு கல்லில் இன்னொரு கோவிவன் இருக்கலாம். படித்துப் பதிவு செய்யப்படுவதற்கு முன் உடைந்துவிட்டால், அந்தப் பெயரை மீட்க எந்த மைப்படியாலும் முடியாது. ஊர் எல்லையில் உருவம் செதுக்கிய பழைய கல்லைப் பார்ப்பவர்கள் அதை நகர்த்தாமல், சுரண்டாமல், மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தாலே போதும்.

மாதிரி டாங்கிக்குச் சேறு பூசுகிறவரும், அன்று கல்லில் உளியை வைத்தவரும் விரும்பியது ஒன்றுதான். தங்களோடு வாழ்ந்த ஒரு பிராணியின் பெயர் தங்களுக்குப் பிறகும் இருக்க வேண்டும். மகேந்திரவர்மன் யார் என்று படிக்காதவர்கள்கூட அந்தக் கல்லின் முன் நின்றால் ஒன்றைப் புரிந்துகொள்ள முடியும். ஒரு மனிதன் விழுந்தான். அவன் நாய் அங்கேயே நின்றது. ஊர் அதை மறக்கவில்லை.